கஸ்பார் அன்று குடித்திருக்கவில்லை

அனுப்புநர்:
க. புஷ்பமேரி (வயது 41),
க/பெ. கஸ்பார் (இறப்பு 17.11.2025),
மாதா கோயில் தெரு, மூங்கில்பள்ளம்,
கடத்தூர் வழி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: உடம்பில் சர்க்கரை குறைந்து தள்ளாடிய என் கணவரைக் குடிகாரர் என்று மின்கம்பத்தில் கட்டி அடித்துக் கொன்றதை, "குடிபோதையில் தவறி விழுந்து இறப்பு" என்று பதிந்த வழக்கைக் கொலை வழக்காக மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதித் தருபவர், "கணவருக்குக் குடிப்பழக்கமே இல்லைன்னு போட்டாத்தாம்மா எடுபடும்" என்றார். அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

1. என் கணவர் பதினான்கு ஆண்டுகள் குடித்தார். குடித்துவிட்டு என்னை அடித்தார். என் இடது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியிருப்பதைத் தாங்கள் நேரில் பார்க்கலாம். கடந்த ஆண்டு ஜனவரியில் அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. அடுத்த மாதமே தவக்காலத்தில் குடியை விட்டார். நாற்பது நாளைக்கு என்று விட்டவர் ஈஸ்டர் முடிந்தும் தொடவில்லை. இருபத்தொரு மாதம் எங்கள் வீட்டில் ஒரு தட்டுகூடப் பறக்கவில்லை.

2. அவர் தக்காளி மண்டியில் சுமை தூக்குபவர். காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கும். முதல் லாரி கிளம்பிய பிறகுதான் சாப்பாடு. லாரி ஒன்பதுக்கும் கிளம்பும், பத்தரைக்கும் கிளம்பும். சுமை தூக்குபவர்களும் அதற்கு முன் சாப்பிட மாட்டார்கள். வயிறு நிரம்பினால் குமட்டும், சுமை ஏறாது என்பது அவர்கள் வழக்கம். இரண்டு டீயிலேயே அதுவரை ஓட்டுவார்கள். வியாதி வந்தபின் அந்த டீயில் சர்க்கரையை நிறுத்த வைத்தது நான். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து கொடுத்த மாத்திரையைக் காலை ஐந்து மணிக்குக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்ததும் நான். "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஐந்து மணி நேரம் கழித்துச் சாப்பிடும் ஆள் என்ன செய்வது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சர்க்கரை கூடினால் கண் போகும், கால் போகும் என்று சுவரெல்லாம் படம் ஒட்டியிருக்கிறது. குறைந்தால் ஆளே போவார் என்று எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

3. 17.11.2025 திங்கட்கிழமை காலை எட்டு மணியளவில், கண் இருட்டுகிறது என்று சொல்லிவிட்டு மண்டியிலிருந்து கிளம்பியிருக்கிறார். மூங்கில்பள்ளம் கூட்டுரோட்டில் பள்ளிப் பேருந்துக்காக நின்ற பிள்ளைகளுக்கு நடுவே தள்ளாடி வந்து, ஒரு மாணவியின் கையிலிருந்த சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அந்தப் பிள்ளை பயந்து கத்தியது. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் தன் அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "என்னத் தொடலீங்க, பையத்தான் இழுத்தாரு" என்று சொன்னதும் அந்தப் பிள்ளைதான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

4. அங்கே டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மாதவராஜ் முதலில் அறைந்தார். ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கயிற்றால் மின்கம்பத்தில் கட்டி, செருப்பாலும் ஃபேன் பெல்ட்டாலும் ஹெல்மெட்டாலும் அடித்தார்கள். அவர்களில் ஒருவரே எடுத்த நான்கு நிமிட வீடியோவை இணைத்துள்ளேன். பெல்ட் படும் இடமெல்லாம் சட்டை கிழிந்து தோலும் சேர்ந்து வருகிறது. ஹெல்மெட் மூன்று முறை தலையில் இறங்குகிறது. மூன்றாவது முறை சத்தம் வேறு மாதிரி இருக்கிறது. அவர் பேசியதில் "சோறு" என்ற ஒரு சொல் மட்டும் புரிகிறது. அதற்கும் ஒருவர் சிரிக்கிறார். பத்தடி தள்ளி டீக்கடை. சர்க்கரை டப்பா மேசைமேல் இருப்பது வீடியோவிலேயே தெரிகிறது.

5. ஆம்புலன்ஸில் விரலில் குத்திப் பார்த்தபோது எழுபதுக்குக் குறையக் கூடாத சர்க்கரை அவருக்கு 28 இருந்ததாகக் குறித்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தார். மண்டை உடைந்து இறந்தார், வயிற்றிலும் ரத்தத்திலும் மது இல்லை என்பது பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று மருத்துவர் சொன்னார். பேன்ட் போட்டு, காரிலிருந்து இறங்கிய ஒருவர் அப்படித் தள்ளாடியிருந்தால் நாற்காலி போட்டு விசிறியிருப்பார்கள். என் கணவர் லுங்கியும் தக்காளிச் சாறு காய்ந்த சட்டையுமாக இருந்தார்.

6. இது அவர் ஒருவரோடு நிற்கவில்லை. அதே மண்டியில் சுமை தூக்கிய காளியப்பன், எங்கள் எதிர்வீட்டுக்காரர். சர்க்கரையால் கால் மரத்து, ஆணி ஏறியதே தெரியாமல் மூன்று வாரம் வேலைக்குப் போனார். தெரிந்த பிறகும் போனார், ஒரு வாரம் நின்றால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பார். காலை எடுத்தார்கள், பிறகு ஆளும் போனார். சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. என்னோடு கூலிக்குப் புளி தட்டிய தங்கம்மாளைச் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வாரம் இருமுறை தருமபுரிக்குப் போகச் சொன்னார்கள்; கூலி போய்விடும் என்று போகாமலே இறந்தார். அவருக்கு முதுமை என்று எழுதினார்கள். வயது ஐம்பத்திரண்டு. எங்கள் தெருவில் சர்க்கரையால் யாரும் சாகவில்லை என்றுதான் தங்கள் அலுவலகக் கணக்கு சொல்லும்.

7. பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நான்கு முறை போனேன். நான்காம் முறை அங்கிருந்த அதிகாரி வீடியோவை ஓடவிட்டு, "நீங்களேதானம்மா அடிக்கச் சொல்லியிருக்கீங்க" என்றார். அது உண்மை. இரண்டாவது நிமிடத்தில் என் கணவரின் போனிலிருந்து என்னை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "உங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு ஸ்கூல் புள்ள மேல கை வெச்சுட்டாருங்க" என்றார் மாதவராஜ். நான் புளி தட்டிக்கொண்டிருந்தேன். "நல்லா நாலு போடுங்க, சாவட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதினான்கு வருடம் அடிபட்ட வாய் அது. இருபத்தொரு மாதத்தை ஒரு நொடியில் மறந்துவிட்டது. ஹெல்மெட் அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆகவே ஐயா, வீடியோவில் முகம் தெரியும் அனைவர்மீதும் கொலை வழக்குப் பதிய உத்தரவிட வேண்டுகிறேன். மண்டிகளில் மாத்திரை சாப்பிடும் தொழிலாளிகள் ஆறு மணிக்குள் சாப்பிட வழி செய்யவும், சர்க்கரை குறைவதன் ஆபத்தை அவர்களுக்கும் வீட்டாருக்கும் சொல்லவும், காளியப்பன், தங்கம்மாள் போன்றோரின் இறப்பை உள்ளபடி எழுதவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

என் சொல்லைக் காரணம் காட்டி எவரையும் விட்டுவிட வேண்டாம். என் பெயரையும் அதே வழக்கில் எதிரியாகச் சேர்க்கவும். நான் மறுக்கமாட்டேன், முன்ஜாமீனும் கேட்கமாட்டேன். என் மகள் பிளசிக்குப் பதினாறு வயது. அந்த வீடியோவை அவள் இன்னும் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் போடும்போது என் குரலைக் கேட்பாள். அப்போது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. கூண்டில் நிற்க வேண்டும்.

இடம்: தருமபுரி
நாள்: 08.12.2025

எழுதியதற்கெல்லாம் பொறுப்பேற்கும்,
க. புஷ்பமேரி