ஆல்வினின் காப்புரிமை

என்னங்க,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. வேலூரில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறேன்.

குரோமியம் இல்லாமல் தோல் பதனிடும் முறையைக் கண்டுபிடித்த என் கட்சிக்காரர் ஆல்வினைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அவருடைய காப்புரிமை விசாரணைக்காக இருவரும் சென்னைக்குக் காரில் கிளம்பினோம். ஆம்பூரைத் தாண்டியதும் ஒரு வேன் குறுக்கே நின்றது. நான்கு பேர் கண்ணாடியை இரும்புக் கம்பியால் உடைத்து அவரை வெளியே இழுத்தார்கள். அவர் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையின் மேனேஜரும் அவர்களோடு இருந்தான்.

"மொதலாளி ஃபார்முலாவ உன் பேர்ல போட்டுக்குவியா? வாபஸ் வாங்குறியா, இல்லியா?" என்று கத்தினான் மேனேஜர்.

"அது நான் கண்டுபுடிச்சது. வாங்க மாட்டேன்" என்றார் ஆல்வின். கம்பி அவர் தலையில் இறங்கியது. அடுத்த அடியைத் தடுக்கத்தான் கையை நீட்டினேன். அதற்குப் பிறகு விழுந்தவற்றைத் தடுக்க முடியவில்லை.

மேனேஜரைப் போலீசில் அடையாளம் காட்டிவிட்டேன்.

மிரட்டல் வந்தபோதே கேஸை விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வரச் சொன்னீர்கள், டிக்கெட்டும் போட்டுவிட்டீர்கள். நேற்று ஆல்வினை அடக்கம் செய்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் அவர் மனைவி மேகலா என்னிடம் வந்தாள். "மேடம், பயமா இருந்தா சொல்லிடுங்க. நான் வேற வக்கீல பாத்துக்கறேன்" என்றாள்.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் விண்ணப்பத்தை அவள் பெயருக்கு மாற்ற இன்று மனு கொடுத்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.

உங்கள் மனைவி