சுலோசனா அக்கா பார்த்து எடுத்த வண்டி

என் பிரியமுள்ள சுலோசனா அக்காவுக்கு,

நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. நீ காமாலையில் போய்ச் சேர்ந்த மறு வருடம் உன் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். பெயர் பத்மா. வந்த அன்றைக்கே உன் படத்தின் முன்னால் நிறுத்தி, "மூத்தவள அக்கான்னு கூப்புட்டு கும்புட்டுக்கோ" என்றார்கள். அன்றிலிருந்து கூப்பிடுகிறேன். பிரியமுள்ள என்று எழுதியதில் பாதிதான் உண்மை. மீதி என்னவென்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வண்டி போய்விட்டது, அக்கா. அறுபத்தெட்டில் நீ பார்த்து எடுத்துக் கொடுத்த மோட்டார் சைக்கிள். இத்தனை வருடமாகப் பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு அவரை வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்த வண்டி.

உன் பாத்திரத்தில் சோறு வடிக்கிறேன். உன் சாவிக்கொத்தை என் இடுப்பில் செருகியிருக்கிறேன். அதிலெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. அந்த வண்டி ஒன்றுதான் என்னை எரித்தது. ஊரில் யாரும் அதை அவருடைய வண்டி என்று சொன்னதில்லை. சுலோசனா எடுத்த வண்டி. டீக்கடையில் அப்படித்தான், ரைஸ்மில்லில் அப்படித்தான். அதன் பின்சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தால், உன் மடியில் உட்கார்ந்தது போல உறுத்தும்.

நீ எப்படிப் பார்த்து எடுத்தாய் என்பதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் தெரியுமா? நாங்கள் வருவதற்கு முன்னால் வண்டியைக் கிளப்பக் கூடாது என்று விற்கிறவனுக்கு ஆள் விட்டாயாம். போனதும் முதல் வேலையாக எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாயாம். சூடாக இருந்தால் முன்னாலேயே கிளப்பி வைத்துவிட்டான், காலையில் லேசில் கிளம்பாத வண்டி என்று அர்த்தமாம். அப்புறம் வண்டியை நகர்த்தச் சொல்லி, அது நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாயாம். எஞ்சின் நம்பரையும் ஆர்.சி. புக்கில் இருக்கிற நம்பரையும் உரக்கப் படிக்கச் சொல்லி ஒத்துப் பார்த்தாயாம். சைலன்சர் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துப் புகையின் நிறத்தைப் பார்த்தாயாம். கடைசியாகச் சாவிக்கொத்தால் சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, எது மந்தமாகச் சத்தம் கொடுக்கிறது என்று கேட்டாயாம்.

உன் அண்ணன் லாரி ஓட்டினவர், உனக்குத் தெரிந்திருக்கும். என் அண்ணன் பழவேற்காட்டில் படகு தள்ளுகிறவர். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? உன்னைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

போன மாதம் வண்டி நடுவழியில் நின்று, அவர் வெகு தூரம் தள்ளிக்கொண்டு வந்தார். புது வண்டிக்குப் பதிந்தால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இன்னொரு பழைய வண்டியே பார்ப்போம் என்று முடிவாயிற்று. "நானும் வரேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வா" என்றார். அவ்வளவுதான். உன்னை அவரே அழைத்துக்கொண்டு போனார் அல்லவா?

கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஷெட்டுகள் எழும்புகிற பக்கம் ஒரு நெல்லூர்க்காரர் வண்டி வைத்திருந்தார். ஏதோ கம்பெனியில் போர்மேன். ஊருக்கே திரும்பிப் போகிறாராம். உன் வண்டியை விலை கேட்பதற்காகப் பக்கத்தில் மெக்கானிக் மஸ்தான் பாய் ஷெட்டில் விட்டுவிட்டு நடந்து போனோம்.

நீ செய்ததையெல்லாம் செய்தேன், அக்கா. எஞ்சின் குளிர்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. நம்பர் ஒத்துப்போனது. துணியில் கறை இல்லை. உன் சாவிக்கொத்தால் கம்பிகளைத் தட்டினேன், எல்லாம் ஒரே மாதிரி கணீர் என்றன. நிமிர்ந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "எடுக்கலாங்க" என்றேன். போர்மேன், தங்கச்சி என்பதைத் தெலுங்கில் சொல்லி, "செல்லம்மா பாத்துட்டா, இன்னும் இன்னா நைனா?" என்று சிரித்தார்.

உன் புருஷன் சிரிக்கவில்லை. பின்சக்கரத்துப் பக்கம் குந்தினார். "செயின் ஓட்ற பல்ல பாரு. எல்லாம் தேஞ்சி கொக்கி மாரி வளஞ்சி கீது. பாக்கலியா நீ?" என்றார். அப்புறம் வண்டியை மழைத் தண்ணீர் தேங்கின ஈர மண்ணில் நேராக உருட்டினார். முன்சக்கரத்தின் தடம் ஒரு பக்கம், பின்சக்கரத்தின் தடம் ஒரு விரல் தள்ளி இன்னொரு பக்கம்.

"எங்கியோ அடிபட்ட வண்டி. வேணாம். நீ பாத்தது சரியில்ல."

எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு முகம் எரிந்தது. "அக்காவா இருந்தா கண்டுபுட்ச்சிருக்கும், அதான?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்தார். போர்மேனுக்கு மனக்கசப்பு வேண்டாமென்று அவர் டீ சாப்பிட நின்றார். நான் நிற்கவில்லை. விடுவிடுவென்று மஸ்தான் பாய் ஷெட்டுக்கு நடந்துவிட்டேன்.

மஸ்தான் பாய் வயதானவர். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் போட்டார்.

"வாங்க தங்கச்சி. இத்தினி வருசமா ஒங்கள பத்தி கேட்டுக்கினே கீறேன், இன்னிக்கித்தான் மூஞ்சி பாக்கறேன். நீங்கதான இந்த வண்டிய பாத்து எட்த்தது?"

நீ போன செய்தி அவருக்குத் தெரியாது, அக்கா. உன் புருஷன் அதை எல்லாரிடமும் சொல்கிறவர் இல்லை. வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல வேண்டியவள், நான் தலையாட்டினேன்.

"வண்டியே போவப்போவுது. இனிமே மறச்சி இன்னா ஆவப்போவுது. கோச்சிக்காதீங்க," என்று சொல்லி, டாங்குக்குக் கீழே, ஹேண்டில் வந்து சேர்கிற கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். தீப்பட்ட தழும்பு மாதிரி இரும்பு அங்கே தடித்துக் கிடந்தது.

"எட்த்து ஒரு மாசம்கூட ஆவல, இங்க விரிசலு உட்டுச்சி. இடிபட்ட வண்டி. பெயிண்ட் அட்ச்சி மறச்சி குட்த்துட்டான். நான்தான் ஒட்டு போட்டேன். அப்புறமும் உட்டுச்சி, அப்புறமும் போட்டேன். பேஜாரு புட்ச்ச வண்டி, தள்ளி உட்டுட்டு வேற எடுன்னு எத்தினியோ தபா சொன்னேன். ஒங்க ஊட்டுக்காரரு கேக்கல. 'அவ பாத்து எட்த்தது பாய். தெரிஞ்சா மனசு ஒட்ஞ்சி பூடுவா. அவ காதுக்குப் போவக் கூடாது'ன்னாரு. அதான் இத்தினி நாளு நானும் வாயத் தொறக்கல."

ஒரு நிமிடம், அக்கா, ஒரே ஒரு நிமிடம் நான் நீயாக இருந்தேன். ஒரு மனிதர் எனக்காகக் கழுத்து விரிந்த வண்டியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருடக் கணக்கில் போய்வந்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த நிமிடம் நான் பத்மா.

நீ இருந்தவரை சரி. நீ போன பிறகும் ஊரெல்லாம் உன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அது யாருக்காக? பல்சக்கரத்தையும் தடத்தையும் பார்க்க அவருக்கு உன் வண்டிதான் கற்றுக்கொடுத்திருக்கிறது. நீ தவறவிட்டதை அவர் விழுங்கிக்கொண்டார். நான் தவறவிட்டதை நாலு பேர் முன்னால் உடைத்தார்.

அன்றைக்கு உன் வண்டியிலேயே திரும்பினோம். கவரப்பேட்டையில் டீக்கு நிறுத்தினார். நான் டம்ளரைத் தொடவில்லை.

"பாய் எல்லாம் சொல்லிட்டாரு," என்றேன்.

அவர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவ ஒரு சொல்லு தாங்க மாட்டா, பத்மா. மூஞ்ச திருப்பிக்கினு படுத்துக்குவா. சோறு தண்ணி இருக்காது. எனக்கு அவகிட்ட பயம்."

"நான் மட்டும் தாங்குவனா?"

"நீ திருப்பிக் கேப்ப. இதோ கேக்கறியே. ஒங்கிட்ட எனக்கு பயம் இல்ல."

"கொஞ்சம் பயந்தாத்தான் இன்னா?"

சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ ஆறிப்போய்விட்டது, அப்படியே குடித்தேன். பயம் இல்லை என்பது பெரிய விஷயம் என்று என் புத்தி சொல்கிறது. மனசு கேட்க மாட்டேன் என்கிறது. நீ பெண்தானே, உனக்குப் புரியாதா?

அடுத்த வாரம் திருநின்றவூரில் ஒரு ரயில்வே குமாஸ்தாவிடம் வண்டி எடுத்தோம். போனதும் முதலில் டாங்குக்குக் கீழே கையை விட்டுக் கழுத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. அவர் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னுக்குத் தள்ளச் சொன்னேன், கடக்கென்று ஒரு ஆட்டம் இருந்தது. "இது ஒண்ணுமில்ல, முடுக்குனா சரியாப்பூடும்" என்றார் அவர். "அக்கா வண்டியயும் ஒண்ணுமில்லன்னுதான எட்த்தீங்க" என்றேன் நான். எங்கள் சண்டையைப் பார்த்துக் குமாஸ்தா பயந்தே போனார். கடைசியில் முடுக்கிப் பார்த்த பிறகுதான் எடுத்தோம். உன் வண்டியை மஸ்தான் பாயே உதிரிக்குப் பிரித்துக்கொள்வதாக வாங்கிக்கொண்டார்.

நேற்று அவர் வாசலில் புது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு அஞ்சலை வந்து பார்த்தாள். உன் தோழிதானே அவள். "இன்னா இருந்தாலும் சுலோசனா எட்த்த வண்டி மாரி வருமா? எத்தினி வருசம் ஒரு கொற இல்லாம ஓடுச்சி" என்றாள்.

நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, அக்கா. ஒரே ஒரு வாக்கியம் போதும். நீ இறங்கிவிடுவாய், நான் ஏறிவிடுவேன்.

அவர் கையில் துணி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். என்னிடம் பயம் இல்லை என்றவர் முகத்தில் அத்தனை பயம். அதுகூட உனக்காக.

"வராதுதான் அஞ்சல. அக்கா கண்ணு யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உலை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசலில் துணி தேய்க்கிற சத்தம் மறுபடி கேட்டது.

அவர் உன்னிடம் கடைசிவரை சொல்லாததை நான் சொல்லிவிட்டேன்: நீ பார்த்தது சரியில்லை. இதோடு சரி. ஊரார் காதில் இது என் வாயால் விழாது, சத்தியம். உன் கெட்டிக்காரத்தனத்தை யார் சொன்னாலும் ஆமாம் போடுவேன். பொறாமையை விட்டுவிடு என்று மட்டும் கேட்காதே. அது இந்த வீட்டில் எனக்கென்று நானே கொண்டுவந்த சாமான்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் வந்து உனக்குத் தங்கையானவள்,
பத்மா