ஸ்டெல்லாவின் மரண அறிவித்தல்

மார்கழி, செவ்வாய்க்கிழமை

ஸ்டெல்லா இறந்ததை இன்று காலை என் குரலே எனக்குச் சொன்னது.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய மரண அறிவித்தல் ஓட்டோ எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. "நிலாவெளியைப் பிறப்பிடமாகவும், லிங்கநகரை வதிவிடமாகவும் கொண்ட..." என் குரல்தான், ஆனால் அப்படியொன்றை நான் வாசித்ததே இல்லை. பெயருக்கு முன்னால் மூச்சு எடுப்பது என் பழக்கம். அதுவும் மூச்சு எடுத்தது. பிறகு என் சிநேகிதியின் பெயரைச் சொன்னது. முந்தநாள்தான் சந்தையில் கண்டு கதைத்தவள்.

இருபது வருடமாக நான் அறிவித்தல் வாசிக்கும் ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்தேன். முதலாளி தயங்கவே இல்லை.

"அக்கா, விடியப்புறம் உங்களை எழுப்ப மனம் வரேல்ல. உங்கட பழைய பதிவுகளைக் குடுத்தா ஏஐ அச்சொட்டா வாசிக்குது."

என்ன கரிசனை!

செத்தவீட்டில் ஸ்டெல்லாவின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, தன்ர அறிவித்தலை நீங்கள்தான் வாசிக்கவேணும் எண்டு அம்மா எப்பவும் சொல்லுறவ. கொஞ்சமும் தளம்பாம வாசிச்சிருக்கிறீங்கள். என்னால ஏலாது."

"ஓம் பிள்ளை" என்றேன். ஸ்டெல்லாவுக்காக இன்று என் வாயால் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் பொய்.

பின்னேரமும் ஓட்டோ இரண்டு தரம் வந்து போனது. யன்னலைச் சாத்தினேன், கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

எல்லாரும் படுத்த பிறகு, அறைக் கதவைப் பூட்டிவிட்டு நானே சொல்லிப் பார்த்தேன். நிலாவெளியைப் பிறப்பிடமாகவும், லிங்கநகரை வதிவிடமாகவும் கொண்ட...

மூச்சு எடுத்தேன். பெயர் வரவில்லை.