அப்பா மிச்சம் பிடிக்கும் புகை

பைன் லேக், மிஷிகன்
ஜனவரி 15

அன்பு மகள் காய்சாவுக்கு, அம்மா எழுதுவது. நியூசிலாந்தில் இப்போது கோடை, நீ வெயிலும் கடல்காற்றுமாகச் சுகமாக இருப்பாய், அப்படியே இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்பா சுகமாக இல்லை. இதை உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நாற்பத்துநாலு வருஷத்தில் அவருக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, இன்றைக்கு மீறுகிறேன்.

நவம்பர் கடைசியில் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார ஆரம்பித்தார். முழங்கால் என்றார். முழங்காலுக்கா உதடு நீலமாகும் என்று நான் சண்டை போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறதாம். டாக்டர் சின்ன வயசுப் பெண், ஒளிவு மறைவு இல்லாமல் பேசினாள். “ஆபரேஷன் பண்ணிட்டா இன்னும் இருபது வருஷம் உங்க உசிரை வாங்குவார். அதுவரைக்கும் பனி அள்ளுற வாரியை மட்டும் கையால தொடக் கூடாது” என்றாள். பிப்ரவரி பத்தாம் தேதி குறித்தார்கள். உன்னிடம் சொல்லலாம் என்றேன், அதற்குத்தான் அந்தச் சத்தியம். சரி, ஆபரேஷன் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன். “உங்க வீட்டுக்காரர் தேதியை மே மாசத்துக்கு மாத்தச் சொன்னாரே, அந்தக் காகிதத்தைத் தபால்ல அனுப்பட்டுமா?” என்று கேட்கிறாள் ஒருத்தி. எனக்குத் தெரியாமல், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் மாற்றியிருக்கிறார்.

ஏன் மே மாதம் என்று உனக்குத் தெரிய வேண்டும். அப்பா பிறந்தநாளுக்கு நீ அனுப்பினாயே ஒரு தாள், இருநூறு கட்டம் போட்டு, பூமிக்கு நல்லதாகத் தினம் ஏதாவது செய்துவிட்டு ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும், ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து என்று. அது அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் தொங்குகிறது. முதலில் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை, நானும் ஆசையாகச் செய்தேன். ரொட்டி வந்த உறையைக் கழுவிக் காயவைத்தேன். காபிச் சக்கையைச் செடிக்குப் போட்டேன். துணி உலர்த்தும் மெஷினை நிறுத்திவிட்டுக் கொல்லையில் கொடி கட்டினேன், டிசம்பர் குளிரில் உன் அப்பாவின் உள்கால்சட்டை விறைத்துத் தானாக எழுந்து நின்றது, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இறைச்சி ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றார், அதுவும் சரி. அப்புறம் டிரக்கைக் கொட்டகையில் நிறுத்திச் சாவியை டப்பாவில் போட்டுவிட்டார். வீட்டுச் சூட்டை ஐம்பத்தைந்து டிகிரிக்கு, உங்கள் ஊர்க் கணக்கில் பதின்மூன்றுக்கு, இறக்கினார். நான் கட்டிலுக்கு அடியில் சின்ன ஹீட்டரை ஒளித்து வைத்துக்கொண்டால் மோப்பம் பிடித்து வந்து பிடுங்குகிறார். நாம் உட்கார்ந்து வேர்த்துக் குளிக்கிற சவுனா அறை அடுப்பையும் நிறுத்திவிட்டார் காய்சா. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட இந்த வீட்டில் சவுனா புகையாமல் இருந்ததில்லை, உன்னை வயிற்றில் சுமந்தபோதுகூட நான் கீழ்ப்பலகையில் உட்கார்ந்து வேர்த்திருக்கிறேன். இப்போது ஐந்து வாரமாக அது சாத்திக் கிடக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பனி தள்ளும் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கையால் வாருகிறார். டாக்டர் எதைத் தொடக் கூடாது என்றாளோ அதையேதான். எதிர்வீட்டு வாலி தன் டிரக்கில் பனி தள்ளும் தகட்டை மாட்டிக்கொண்டு வந்து, “ரெய்னோ, நீ உள்ள போய்க் காபி குடி, அஞ்சு நிமிஷத்துல தள்ளிட்டுப் போயிடறேன்” என்றான். அதற்கு உன் அப்பா, “வேணாம்ப்பா, உன் வண்டிப் புகை என் கணக்குல ஏறும்” என்கிறார். வாலி என்னைப் பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. ஓடினேன். தபால்பெட்டி பக்கத்தில் பனிக்குவியலில் உட்கார்ந்திருக்கிறார், வாரியை மடியில் வைத்துக்கொண்டு. என்ன ஆச்சு என்று கத்தினேன். “ஒண்ணுமில்ல எல்மா, வானத்தைப் பாத்துட்டிருந்தேன்” என்றார். வானத்தில் என்ன இருக்கிறது, ஒரு வாரமாகச் சாம்பல் மேகம்தான். அவரை எழுப்பி உள்ளே கொண்டுவர அரைமணி ஆனது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே ஃப்ரிட்ஜுக்குப் போய் நூற்று ஏழாவது கட்டத்தில் குறி போட்டார். குறி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதை ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

அவர் தூங்கியதும் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் எழுதியிருக்கிறார். மேலே, வெலிங்டனிலிருந்து இங்கே வந்து திரும்ப ஒரு ஆளுக்கு ஆகும் புகை இத்தனை பவுண்டு என்று, நீ எப்போதோ அனுப்பிய கணக்கு. கீழே டிரக் ஓட்டாததற்கு இத்தனை, மெஷினுக்கு இத்தனை, சவுனாவுக்கு இத்தனை என்று கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில், “ஏப்ரல் 18, காய்சா வரலாம்” என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

உனக்கு நினைவிருக்கிறதா? போன வருஷமில்லை, அதற்கு முந்தின வருஷ நன்றித் திருநாளன்று போனில் அவர் உன்னை வா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடாமல், வான்கோழி பெரிசு, சாப்பிட ஆளில்லை என்று சுற்றி வளைத்தார். நீ சிரித்துக்கொண்டே, “நான் பறந்து வர்ற புகையை நீங்க மிச்சம் பிடிச்சுக் காட்டுங்கப்பா, அடுத்த ப்ளேன்ல ஏறிடறேன்” என்றாய். விளையாட்டுக்குச் சொன்னாய், எனக்குத் தெரியும், நான்கூடச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெற்ற மகளிடம் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்க இந்த மனுஷனுக்கு வாய் வராது, அவர் அப்பாவுக்கும் வராது. உழைத்துச் சம்பாதித்தால் கேட்காமலே கிடைக்கும் என்பதுதான் இவர்களுக்குத் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் படுத்தால் நாள் விட்டுப்போகும், விட்டால் முதலிலிருந்து. அதற்குத்தான் மே.

ஐந்து வருஷம் விமானம் ஏற மாட்டேன் என்ற உன் முடிவை நான் கேலி செய்யவில்லையடி. நாலு வருஷம் கட்டிக் காத்திருக்கிறாய், இந்த ஊரில் ஏரி உறைவதே தள்ளிப்போவதைப் பார்க்கிறவள் நான், நீ சொல்வது சரிதான். ஆனால் என்னால் முடியவில்லை. ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். வாலி வீட்டிலிருந்து இரண்டு தடவை உன் எண்ணைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன், குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் சொல்ல வந்தது வராது. போனில் நீ நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். பிள்ளை பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறாள், நான் பாக்கியை முடித்துவிடுகிறேன் என்று இன்னும் வேகமாக வாருவார். நீ வாசலில் வந்து நின்றால்தான் அந்த வாரியைக் கீழே வைப்பார். ஆஸ்பத்திரியில் கெஞ்சிப் பழைய தேதியையே வாங்கிவிட்டேன், பிப்ரவரி பத்து. அதற்குள் வா.

இதோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். இருநூறு கட்டமும் நிரம்பியிருக்கிறது. நூற்று ஏழு அவர் போட்டது. மீதி தொண்ணூற்று மூன்றும் சமையல் மேஜையில் உட்கார்ந்து நான் போட்டது, ஒன்றுக்கும் நான் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை, எல்லாம் பொய்க்குறி. அந்தப் பாவம் என்னோடு போகட்டும். காலையில் தாள் எங்கே என்று கேட்பார். காய்சா பார்க்கக் கேட்டாள், அனுப்பிவிட்டேன் என்று சொல்வேன். இந்தக் கடிதமும் விமானத்தில்தான் வருகிறது.

கடவுள் உன்னை நல்லபடி கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் தழைக்கட்டும். கம்பளிக் காலுறை எடுத்துவர மறக்காதே, வீடு இன்னும் ஐம்பத்தைந்தில்தான் இருக்கிறது. வரும் நேரத்தை அப்பாவிடம் சொல்லிவிடாதே, உன்னை அழைத்துவர எண்பது மைல் வண்டி ஓட்டினால் எத்தனை பவுண்டு என்று பென்சிலை எடுப்பார். டிரக் சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வண்டி ஹீட்டரை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு நானே வருகிறேன்.

உன் வழியைப் பார்த்து நிற்கும்,
அம்மா எல்மா