செய்முறைத் தேர்வு வாரத்தில் பையர்

பிப்ரவரி 6, திங்கள்
பனி. அகதி முகாம் குழாயில் தண்ணீர் இல்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். தவறு என்னுடையது என்றாலும் மாற்றமாட்டேன்.

காலை ஆறு முதல் எட்டரை வரை கம்பெனியில் பனியன் பிசிர் வெட்டுவது. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு. வெட்டிக்கொண்டே உப்புகள் மனப்பாடம்: காரீயம் மஞ்சள், தாமிரம் நீலம், பேரியம் வெள்ளை. பக்கத்தில் தூத்துக்குடி மேரி அக்கா: “ஏட்டி, யாருக்கு மந்திரம் ஓதுத?”

வேதியியல் செய்முறைத் தேர்வு வியாழன் மதியம் ஒன்றரைக்கு. மிஸ் சொன்னார்: “ஆப்சென்ட்னா மறுபடி வெக்க மாட்டாங்க கண்ணு. வருசமே போயிரும்.”

பிப்ரவரி 7, செவ்வாய்
வெள்ளிக்கிழமை பையர் வருகிறார்கள். நம் பனியனை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள். பதினெட்டுக்குக் கீழே யாரும் இருக்கக்கூடாது. சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிறுத்தி ஒத்திகை.

“வயசு?”
“பத்தொன்பது.”
“பொறந்த வருசம்?”

உண்மையான வருடத்தைச் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரிப்பு. “படிக்கிற புள்ளைக்குக் கணக்கு வருதா பாருங்க! இதுல ‘ஆமா’ன்னு சொல்லாம ‘ஓம்’, ‘ஓம்’னு வேற இழுக்கும். சிலோன்னு அப்பவே தெரிஞ்சுரும். வெள்ளிக்கெழம நீ வரவே வேண்டாங் கண்ணு.”

சிரித்தது வலிக்கவில்லை. பத்தொன்பது என்று அவ்வளவு சுலபமாக வந்ததுதான்.

பிப்ரவரி 8, புதன்
வெயில். நாளைக்கு லீவு கேட்டேன். ஷிப்மெண்ட் இருக்கிறதாம், ஒன்பது வரை நிற்க வேண்டுமாம். “லீவு போட்டீன்னா உங்கம்மாளையும் கூட்டிட்டுப் போயிரு.” அம்மா அங்கேதான் துணி மடிக்கிறாள்.

அம்மா: “ஒன்பதுக்கு விட்டுடுவினம். அப்பிடியே பஸ் ஏறு பிள்ளை. ஒருத்தரோடயும் வாய் காட்டாத. நாங்க இஞ்ச வந்து இருக்கிற ஆக்கள்.”

பையில்: ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட்டு, இரண்டு பேனா, பென்சில், இந்த நோட்டு.

பிப்ரவரி 9, வியாழன்
காலை 11.40. கம்பெனித் துணிக் கிடங்கு.

ஒன்பது மணிக்குப் பையோடு கிளம்பினேன். கேட்டில் கார். பையர் ஒரு நாள் முன்னாடியே. சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக் கிடங்குக்குள் தள்ளினார். “அரை மணி நேரங் கண்ணு.” அம்மா மேசையிலிருந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. வெளியே பூட்டு. என்னோடு வயசு பத்தாத ஆறு பெண்கள், துணி ரோல்களுக்கு நடுவில். சாயவாடை. ஒருத்திக்கு இருமல், துப்பட்டாவை வாயில் அடைத்திருக்கிறாள்.

11.55. கதவை மெதுவாகத் தட்டினேன். “எனக்குப் பரீட்சைங்க.” வெளியே சூப்பர்வைசர் குரல், கெஞ்சுகிற மாதிரி: “தையல் செக்சன்லதான் நிக்கறாங்க சாமி. சத்தம் வந்தா ஆர்டரே போயிரும். அப்பறம் உங்கம்மாதான் பதில் சொல்லோணும்.”

தட்டவில்லை.

12.20. பக்கத்தில் ஷூ சத்தம். ஒரு பெண் இங்கிலீஷில் கேட்கிறாள். இன்னொருவர் தமிழில்: “உங்களுக்குக் கொழந்தைங்க இருக்காங்களா? இங்க வேலைக்கு வர்றாங்களா?”

அம்மாவின் குரல்: “ஒரு பொண்ணுங்க. இங்கெல்லாம் வர்றதில்லீங்க. பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க.”

ஒரு எழுத்துப் பிசகவில்லை. இந்த ஊரில் பிறந்தவள் மாதிரி. எப்போது கற்றுக்கொண்டாள்?

12.45. பஸ் போயிருக்கும். ஆட்டோவில் அரை மணி. இப்போது திறந்தாலும் போகலாம்.

1.05. இனி ஆட்டோவிலும் எட்ட முடியாது. ஷூ சத்தம் திரும்பி வருகிறது. கதவுக்கடியில் வெளிச்சம் தெரிகிறதாம், வெளியே சூப்பர்வைசர் குரல். லைட்டை அணைத்துவிட்டார்கள், இருட்டில் எழுதுகிறேன்.