தும்பி இல்லாத நாட்களின் தாள்கள்

என் அருமைத் தம்பிக்கு,

கோபம் இன்னும் முழுதாக ஆறாத உன் அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் வாசல் திறந்த மாதிரி இருக்கிறது. முன்பு போட்ட மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. போகட்டும். இதைப் படித்துவிட்டு அப்புறம் முறுக்கிக்கொள்.

நேற்று நம் சூழலியல் துறையின் ஆண்டு விழா. நீ படிப்பை விட்டுப் போனாலும், அங்கே வேலை பார்க்கும் என் கையில் பொருளறைச் சாவி இருக்கும்வரை எனக்கு அது நம் துறைதான். உன்னோடு ஆராய்ச்சி செய்த நெட்டையனுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. வலையைக் குளத்திலேயே விட்டுவிட்டு வருவானே, அவனுக்கேதான்! வாய் மூடாத அந்தப் பெண் மாநாட்டில் பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். பேசச் சொன்னால் அவளுக்குக் கசக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பேராசிரியை அம்மாவுக்கு, விடுதிக்குப் பின்னால் இருக்கும் குளத்தைப் பற்றிய ஆய்வுக்காகப் பெரிய விருது.

அது எப்படி வந்தது தெரியுமா? நீ போன பிறகு, விடுதிக் கழிவுநீர்க் குழாயை அவர் சண்டை போட்டுக் குளத்திலிருந்து திருப்பிவிட்டார். போன வருடம் சிவப்புத் தும்பிகள் வந்துவிட்டன. அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால், ஆய்விதழ்க்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள்: முன்பு தும்பி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம், யாருமே போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று.

குளத்தில் கணக்கெடுத்த பழைய தாள்களைப் புரட்டினால் எல்லாருடையதிலும் வெற்றுக் கட்டம். "ஒண்ணுமே இல்லைன்னா என்னத்த எழுதுறதுன்னு விட்டுட்டேன்" என்று நெட்டையன் தலையைச் சொறிந்தான். வெற்றுக் கட்டத்துக்கு, 'போய்ப் பார்த்தேன், இல்லை' என்றும் பொருள். 'போகாமல் போர்த்திக்கொண்டு தூங்கினேன்' என்றும் பொருள். பேராசிரியை அம்மாவின் முகம் சுண்டிப்போய்விட்டது.

அப்போதுதான் நான் அலமாரியின் பின்வரிசையிலிருந்து உன் தாள்களின் கட்டை எடுத்தேன். குப்பையில் போடு என்று என் மேசையில் எறிந்துவிட்டுப் போனாயே, அதே கட்டு. உன் கையெழுத்தைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. ஒன்றரை வருடம், வாரம் தவறாமல்: நேரம், வெயில், காற்று, தும்பி 0. ஒரே ஒரு வாரம் "காய்ச்சல், போகவில்லை." இதற்காகத்தானே எல்லாரும் உன்னை முட்டை என்று கேலி செய்தார்கள். இல்லாததை வைத்து என்ன ஆராய்ச்சி என்று தேர்வாளர் கேட்ட ஒரு வார்த்தைக்காகத்தானே நீயும் ஊரைவிட்டுப் போய்ச் செல்பேசி விற்றுக்கொண்டிருக்கிறாய்.

அம்மா ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "இவன் போறப்ப நான் தடுத்திருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். கட்டுரை வெளிவந்துவிட்டது. உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. நேற்று மேடையில் உன் தாள் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இந்த விருதுல பாதி இந்த முட்டைகளுக்குத்தான்" என்று சொன்னபோது அரங்கமே கைதட்டியது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டே தட்டினேன். பக்கத்தில் இருந்தவரிடம், கேட்காமலேயே, அவன் என் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

நீ திரும்பிச் சேரப் பேராசிரியை அம்மா அனுமதி வாங்கி வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட்டால்தான் இடம் உனக்கு. படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

வந்துவிடடா. அங்கேயே நிம்மதியாக இருக்கிறாய் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதையாவது எழுது. எழுதக் கை வரவில்லை என்றால் ஒரு தாளில் ஒரு சுழியம் போட்டு அனுப்பு, எனக்குப் புரியும். மூன்று கடிதத்துக்கும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அக்கா