வாய்க்கால் கரை ஒன்பது வீடுகள்

அக்டோபர் 14, புதன்

விடிந்ததிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்துவிட்டது. கீழ்ப்பல் வலி, கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

உத்தமபாளையத்திலிருந்து ஆட்கள். முன்னால் நின்றது மைமூன்பீ என்ற விதவை, ராவுத்தர் வீட்டுப் பெண், ஐம்பது வயதிருக்கும். வாய்க்கால் கரையில் ஒன்பது வீடுகள். புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று தாலுகா ஆபீஸ் உத்தரவு. வரும் செவ்வாய் இடிப்பு. முன்னால் நோட்டீஸ் வந்ததா என்று கேட்டேன். ஒருவருக்கும் வரவில்லை. உத்தரவில் மட்டும், வாங்க மறுத்தார்கள், ஆகையால் கதவில் ஒட்டியாயிற்று என்று இருக்கிறது.

கரைக்குப் பின்னால் புது அரிசி மில். லாரி போக வழி வேண்டும். மற்றதை அவர்கள் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

கையெழுத்தைப் பார்த்தேன். டிப்டி தாசில்தார் சுந்தரம். என் மருமகன்.

மகள் ராசம் உள்ளே படுத்திருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இந்த மாதம் தாண்டாது என்கிறாள் மருத்துவச்சி.

மைமூன்பீயிடம் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்துப் போட்டவர் என் மாப்பிள்ளை, வேறு வக்கீல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது என்று. கூட வந்தவர்கள் முகம் விழுந்துவிட்டது. அவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படின்னா நீங்கதான்யா வேணும். மாமனார் மொகத்தப் பாத்து எப்படிப் பொய் சொல்லுவாக?"

நாளை சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

அக்டோபர் 15, வியாழன்

வலி குறைவு. மழை இல்லை. சுருளிப் பக்கம் மேகம் மட்டும்.

வேறு வக்கீல் தேடினேன். பெரியகுளத்துக்காரர் மில்லுக்கு வக்காலத்துப் போட்டாயிற்று. இன்னொருவர் மதுரையில், தீபாவளி வரை வரமாட்டார். தேவாரத்துக்காரர் சர்க்கார் விஷயம் என்றதும் கும்பிடு போட்டுவிட்டார்.

ஆகவே நான்.

சிவில் கோர்ட்டுக்குப் போக வழியில்லை. சர்க்காரின் மேல் வழக்குப் போட இரண்டு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இடிப்பதோ செவ்வாய். மதுரையில் பதினாறு வருஷம் சர்க்கார் வக்கீலாக இருந்தபோது இந்த ஒரு பிரிவை வைத்தே எத்தனையோ வழக்குகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். சட்டம் அதுதான், இன்றைக்கும் அதுதான். இப்போது கதவுக்கு வெளியே நிற்பது நான்.

மிச்சம் ஒரே வழி. சப் கலெக்டரிடம் அப்பீல், அதோடு தடை மனு. அவர் (இனி ச.க.) இப்போது கேம்ப்பில். திங்கட்கிழமை கூடலூர் பங்களாவில் விசாரணை என்று தெரிந்தது. மனு அனுப்பியாயிற்று.

அப்பீலுக்குக் காரணங்கள்:
1. நோட்டீஸ் கொடுக்கவில்லை. கதவில் ஒட்டியது பொய்.
2. அவர்கள் பக்கம் கேட்காமலே உத்தரவு.
3. நீண்டகால அனுபோகம், வீட்டுவரி கட்டியது.
மூன்றாவது பலவீனம், புறம்போக்கு புறம்போக்குதான். முதலாவது நின்றால் இரண்டாவது தானாக நிற்கும். முதலாவது நிற்க வேண்டுமானால் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்க வேண்டும்.

மனைவி வேலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷத்தில் என் கேஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்று இலையைப் போட்டுவிட்டு நின்றாள். "புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. இப்பத்தானா?" அவ்வளவுதான். ரசம் உப்பு கரித்தது, சொல்லவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

பசு கன்று போட்டது. கிடேரி. வீட்டில் அரை நாள் அந்தக் கலகலப்பு.

மத்தியானம் ராசம் மெல்ல நடந்து ஆபீஸ் அறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார மூச்சு வாங்கியது. வேறு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதா, நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாமே என்றாள். யாரும் கிடைக்கவில்லை என்றேன். கிடைத்திருந்தால் விட்டிருப்பீர்களா என்றாள்.

விட்டிருப்பேன் என்றுதான் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.

"அவுக வேலை போயிருமாப்பா?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. மலைக்கரட்டில் ஆடுமாடு மேய்க்கிற உரிமை விஷயத்தில் கலெக்டருக்குப் பிடிக்காத அபிப்பிராயம் எழுதின பிறகு என் வேலையை அவர்கள் புதுப்பிக்கவில்லை. நான் வக்கீல், ஊருக்கு வந்து போர்டு மாட்டிக்கொண்டேன். டிப்டி தாசில்தார் எந்தப் போர்டை மாட்டுவார்?

அக்டோபர் 17, சனி

மாப்பிள்ளை வந்தார். வாரா வாரம் வருவதுதான். உத்தமபாளையத்திலிருந்து கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ். கையில் கொய்யாப்பழம்.

சாப்பாட்டில் பேச்சு முழுக்கக் கன்றுக்குட்டி. பிறகு தொழுவத்தில் நின்றபோது அவரே ஆரம்பித்தார்.

"மாமா, அப்பீல் போட்டிருக்கீகளாமே."

"போட்டிருக்கேன் மாப்ள. அதப் பத்தி இங்கன பேசக்கூடாது. எனக்கும் சரியில்ல, ஒங்களுக்கும் சரியில்ல."

தலையை ஆட்டினார். கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். என்னமோ சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டினேன். நிறுத்திக்கொண்டார்.

அது என்ன? கேட்டிருந்தால் கேஸுக்கு உதவியிருக்குமோ, கெடுத்திருக்குமோ. கேட்காததுதான் முறை. ஆனாலும் மனசு அங்கேயே கிடக்கிறது.

நல்ல பையன். முப்பது வயசு. தாசில்தாருக்கும் மில்காரருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அல்லது தெரிந்தே போட்ட கையெழுத்தா?

அக்டோபர் 19, திங்கள். கூடலூர்

காலை பஸ். கம்பம் தாண்டினதும் அடைமழை. மைமூன்பீ வரவில்லை, வீட்டை விட்டு நகரமாட்டாராம். அவருடைய கொழுந்தனார் மட்டும் என்னோடு.

பங்களாவில் ச.க. இல்லை. குமுளி மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நிற்பதால் லோயர் கேம்ப் போயிருக்கிறார். எப்போது வருவார்? தலைமைக் குமாஸ்தா சிரஸ்தாருக்குத் தெரியாது. நாளைக் காலை வீடு இடிகிறது, அதற்குள் ஒரு தடையாவது வாங்கிக் கொடுங்கள் என்றேன். சர்க்கார் வக்கீலாக இருந்தபோது எனக்கு நாற்காலி தூக்கிப் போட்ட மனுஷர். துரை வரட்டும் என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வராந்தாவில் ஒரு கோடியில் நான். மறு கோடியில் மாப்பிள்ளை, பக்கத்தில் கிராம முன்சீப். கதவில் நோட்டீஸ் ஒட்டியதாக எழுதியனுப்பியது அந்த முன்சீப்தான். பகல் முழுக்க அப்படியே. மழை ஓடுகளில் கொட்டுகிறது. வாசல் சேவகன் டபேதார் யாரிடமோ: "மாமனார் அந்தப் பக்கம், மருமகன் இந்தப் பக்கம். நல்ல வேடிக்கதான் போ."

பொழுது சாய்ந்ததும் ச.க. வந்தார். பூட்ஸ் எல்லாம் சேறு. இளம் துரை, வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. எழுந்து நின்று தடை மனுவைச் சொன்னேன். மறுபக்கம் கேட்காமல் எதுவும் தரமாட்டேன், காலையில் முதல் விஷயம் இதுதான் என்றார்.

மறுபக்கம் கேட்காமல். என் அப்பீலின் இரண்டாவது காரணமே அதுதான். சொல்லவா முடியும்?

இடிக்கிற ஆட்களும் காலையில்தான் வருவார்கள். இங்கே தெரிந்த ஏலக்காய் வியாபாரி வீட்டில் படுக்கை. வீடு பூராவும் ஏலக்காய் வாசம். தூக்கம் எப்படியோ.

அக்டோபர் 20, செவ்வாய்

இன்றே எழுதிவிட வேண்டும்.

வராந்தாவிலேயே விசாரணை. கிராம முன்சீப் சாதித்தார். ஒன்பது கதவிலும் ஒட்டினேன், சனங்கள் கிழித்தெறிந்துவிட்டார்கள் என்று. ச.க. எழுதிக்கொண்டே போனார். டிப்டி தாசில்தாரைக் கேட்க அனுமதி கேட்டேன். ச.க.வுக்கு உறவு தெரிந்திருக்கிறது. ஒரு கணம் இருவரையும் பார்த்தார். கேளுங்கள் என்றார்.

மாப்ள என்று வாயில் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நோட்டீஸ் ஒட்டியாயிற்று என்று உத்தரவில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?"

என்னைப் பார்த்தார். நேராகவே.

"இல்லை. முன்சீப் ரிப்போர்ட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

எனக்கு அது போதும். உட்காரப் போனேன். அவர் நிறுத்தவில்லை.

"போன வாரம் தலையாரியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். ஒரு கதவிலும் ஒட்டவில்லை என்றான்."

நான் கேட்காத கேள்வி. தொழுவத்தில் சொல்ல வந்தது இதுதான் போல. கிராம முன்சீப் துண்டால் முகத்தைத் துடைத்தார். ச.க. பேனாவைக் கீழே வைத்தார். தெரிந்த பின் ஏன் நிறுத்தவில்லை என்று தமிழிலேயே கேட்டார், முன்ஷி சொல்லிக்கொடுத்த தமிழ், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக.

"தைரியம் வரலை, சார்."

ச.க. மறுபடி பேனாவை எடுத்தார்.

உத்தரவு ரத்து. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, வீட்டுக்காரர்களைக் கேட்டு, பிறகு புதிதாக முடிவு. கையெழுத்து ஈரம் காயுமுன் நகலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட்டம். கம்பத்தில் பாலத்தின் மேல் தண்ணீர், வண்டி நின்றுவிட்டது. டிரைவரிடம் கெஞ்சினேன். கொழுந்தனார் இறங்கித் தண்ணீரில் நடந்து பார்த்துக் கை காட்டினார். பிறகுதான் எடுத்தான்.

வாய்க்கால் கரையில் தெற்குக் கோடி இரண்டு வீடு போய்விட்டது. ஓலையும் கம்பும் சேற்றில். ஒரு கிழவர் அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டிருந்தார், எங்கே என்று அவருக்கே தெரியாமல். மூன்றாவது மைமூன்பீ வீடு. நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறார், ஆட்கள் கடப்பாரையோடு சுற்றி நிற்கிறார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் நகலை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். ஆட்களைப் போகச் சொன்னார்.

மைமூன்பீ எழுந்திருக்க முயன்றார், கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு பெண்கள் தூக்கிவிட்டார்கள். "அந்த ரெண்டு வீடு?" என்றார். அதற்கு என்னிடம் காகிதம் இல்லை.

அக்டோபர் 21, புதன்

காய்ச்சல். வெந்நீர், மிளகு கஷாயம்.

ராசம் என்னோடு பேசவில்லை. கஷாயத்தை அவளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வேலம்மாளும் தேவைக்கு மட்டும்.

அக்டோபர் 23, வெள்ளி

காய்ச்சல் இறங்கியது. உத்தமபாளையத்திலிருந்து செய்தி. மாப்பிள்ளைக்கு மெமோ. நத்தத்துக்கு மாற்றல், அடுத்த வாரமே. வேலை போகவில்லை, இதுவரை. கிராம முன்சீப் சஸ்பெண்டு. மில்காரர் பகிரங்கமாகச் சொல்கிறாராம், மாமனும் மருமகனும் சேர்ந்து போட்ட நாடகம் என்று.

மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும். வாக்கியம் வாக்கியமாக மனசில் ஓடுகிறது. ஆனால் அந்த ஒன்பது வீட்டுக்கு இன்னும் நான்தான் வக்கீல், விசாரணை பாக்கி. எழுதிக் கொடுக்கக்கூடாது. அவரும் கேட்டு அனுப்பவில்லை.

வேலம்மாளிடம் இதைச் சொன்னேன். "ஒங்க சட்டத்துல பெத்த மகளுக்கு எங்கன எடம்?" என்றாள்.

அக்டோபர் 24, சனி

மாப்பிள்ளை வரவில்லை. ராசம் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள். மூன்று பஸ் போயிற்று.

அக்டோபர் 26, திங்கள்

வெயில். பத்து நாள் கழித்து வேட்டிகள் காய்கின்றன.

மைமூன்பீ வந்தார். புது நோட்டீஸ் வந்துவிட்டது, விசாரணை அடுத்த மாதம். தலையாரி கொடுத்தானா என்று கேட்டேன். இல்லையாம். டிப்டி தாசில்தாரே வந்தாராம், நேற்று, ஞாயிற்றுக்கிழமை. இடிந்த இரண்டு வீட்டுக்காரர்கள் பள்ளிவாசல் பக்கம் ஒண்டியிருக்கிறார்கள், அவர்களையும் தேடிப் போனாராம்.

"ஒவ்வொரு வாசல்லயும் நின்னு படிச்சுக் காமிச்சாகய்யா. எழுத்துத் தெரியாதவுகளுக்கு ரெண்டு தரம். என்னைக்கு வரணும், என்ன கொண்டாரணும், எல்லாம் சொன்னாக."

பின்னால் புடவைச் சத்தம். ராசம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"அக்கா, அவுக சாப்பிட்டாகளா?"

மைமூன்பீக்கு அப்போதுதான் இது யார் என்று புரிந்தது. முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"எங்க வீட்டுல தண்ணி குடுத்தேன் தாயி. வாங்கல. விசாரணை முடியட்டும், அப்புறம் வந்து குடிக்கிறேன்னாக. மொகம் வாடித்தான் இருந்துச்சு."

ராசம் உள்ளே போனாள். சற்று நேரத்தில் அடுப்படியில் பாத்திரச் சத்தம், வேலம்மாள் அதட்டுகிறாள், இந்த நிலையில் அடுப்படியில் என்ன வேலை என்று. பிறகு ராசம் குரல், என்னைப் பார்த்து, ஆறு நாளைக்கப்புறம்:

"அப்பா, பாளையம் பஸ் எத்தன மணிக்கு?"